அட்லாண்டிக்கைக் கடக்கும்போது தூங்குவது எப்படி

கானரித் தீவுகளின் லாஸ் பால்மாஸிலிருந்து கரீபியனில் இருக்கும் செயின்ட் லூசியாவுக்கு ஏறத்தாழ 2,700 கடல் மைல். சூறாவளிக் காலம் ஓய்ந்த நவம்பர் கடைசியில் கிளம்பினால், கிழக்கிலிருந்து சீராக வீசும் வணிகக் காற்று பின்னாலிருந்து தள்ள, 40 அடிப் பாய்மரப் படகு சுமார் மூன்று வாரத்தில் போய்ச் சேரும். முதன்முறை வருகிறவர்கள் புயலைப் பற்றிக் கேட்பார்கள். நான் தூக்கத்தைப் பற்றித்தான் பேசுவேன். தூக்கம் கெட்டவர் முடிச்சைத் தப்பாகப் போடுவார், கேஸை மூட மறப்பார், கப்பல் விளக்கைப் பார்த்து நட்சத்திரம் என்பார்.

நான்கு பேர் இருந்தால் ஆளுக்கு மூன்று மணி நேர வாட்ச் (மேலே விழித்திருந்து காவல் பார்க்கும் முறை), ஒன்பது மணி நேர ஓய்வு. கேட்க நிறையத் தோன்றும். சமையல், பழுது பார்ப்பது, பாய் மாற்றுவது என்று அதில் பாதி போய்விடும். அதனால் பகலில் கிடைக்கும் ஒரு மணி நேரத்தையும் விடாதீர்கள், படுத்துவிடுங்கள்.

எங்கே படுப்பது? முன் அறையை முதல் நாளே மறந்துவிடுங்கள், அங்கே உடம்பைத் தூக்கித் தூக்கிப் போடும். பின் அறை வசதியாகத் தெரியும், ஆனால் பல படகுகளில் ஆட்டோபைலட் மோட்டார் அதன் பக்கத்திலேயே இரவெல்லாம் முனகும். நடுவில், தாழ்வாக இருக்கும் சோபாதான் என் தேர்வு. பின்காற்றில் படகு இடமும் வலமும் உருண்டுகொண்டே இருக்கும் என்பதால், சோபாவின் திறந்த பக்கத்தில் கேன்வாஸ் துணியை இழுத்துக் கட்டி, முதுகுக்கும் துணிக்கும் நடுவே தலையணையைச் செருகுங்கள். உடம்பு அசையாமல் இருந்தால்தான் தசை தளரும்.

அப்புறம் சத்தம். காற்றும் அலையும் எவ்வளவு இரைந்தாலும் இரண்டு நாளில் பழகிவிடும். அலமாரிக்குள் உருளும் ஒரே ஒரு டின் பழகவே பழகாது. எழுந்து போய்க் கண்டுபிடித்து, சாக்ஸில் சுற்றி வையுங்கள். உப்புத் தண்ணீர் பட்ட உடையோடு படுக்கையில் ஏறவே கூடாது. உப்பு ஈரத்தை இழுக்கும். அந்த மெத்தை கரை சேரும்வரை காயாது.

அடுத்தவர் தூக்கத்தைக் காப்பதும் உங்கள் வேலைதான். இருட்டுவதற்கு முன்பே பெரிய பாயை ஒரு மடிப்பு சுருக்கிவிடுங்கள். வேகம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. நள்ளிரவில் மழை மேகம் ஒன்று 30 நாட் (மணிக்கு சுமார் 55 கி.மீ.) வேகக் காற்றோடு வந்து இறங்கினாலும் எல்லோரையும் எழுப்ப வேண்டியிருக்காது. அந்த மேகம் ரேடாரில் முன்கூட்டியே தெரியும்.

அடுத்த ஆளை 15 நிமிடம் முன்னதாக, சூடான இஞ்சி டீயோடு எழுப்புங்கள். சிவப்பு விளக்கு மட்டும் போடுங்கள்; வெள்ளை வெளிச்சம் பட்டால் கண் மறுபடி இருட்டுக்குப் பழக அரை மணி நேரம்கூட ஆகும். அவர் லைஃப் ஜாக்கெட்டைக் கீழேயே போட்டு, படியில் நின்றபடியே பாதுகாப்புக் கயிற்றின் கொக்கியைப் படகில் மாட்டிக்கொண்டுதான் மேலே வர வேண்டும். திசை, காற்று, பக்கத்தில் தெரியும் கப்பல்கள் எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவர் சரி என்ற பிறகு நீங்கள் இறங்கலாம்.

வாட்சில் கண் சொக்கினால் சமையலறை டைமரை 10 நிமிடத்துக்கு வைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அடிவானத்தில் தலைகாட்டும் சரக்குக் கப்பல் 15, 20 நிமிடத்தில் உங்கள் மேல் வந்துவிடும். சுற்றியிருக்கும் கப்பல்களின் சிக்னலை வாங்கிக் காட்டும் ஏஐஎஸ் திரையை மட்டும் நம்பாதீர்கள், சின்னப் படகுகள் அதில் தெரியாமல் போகலாம். ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று சுற்றிலும் பாருங்கள், பாய் மறைக்கும் பக்கத்தைக் குனிந்து பாருங்கள்.

கயிறு சிக்கி, படகை ஓட்டும் இடமான காக்பிட்டை விட்டு முன்னால் போக வேண்டி வந்தால் தனியாகப் போகாதீர்கள். எவ்வளவு அசதியில் தூங்கினாலும் ஒருவரை எழுப்புங்கள். என்னை எழுப்பினால் கோபிக்க மாட்டேன் என்று புறப்படும் முன்பே ஒவ்வொருவரிடமும் சொல்லிவிடுவேன். நீங்களும் உங்கள் படகில் சொல்லி வையுங்கள்.