எம்பிஐ மென்பொருள் கம்பைல் ஆகவில்லையா? லைப்ரரி விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைப் பக்கம் இயற்பியல், வேதியியல் ஆய்வு செய்யும் தம்பி தங்கைகளிடமிருந்து எனக்கு அடிக்கடி வரும் செய்தி இது: "அண்ணே, குவாண்டம் எஸ்பிரஸ்ஸோ கம்பைல் ஆக மாட்டேங்குது." பொருள்களின் எலக்ட்ரான் அமைப்பைக் கணக்கிடும் மென்பொருள் அது. பல புராசஸ்கள் பேசிக்கொண்டு ஒரே கணக்கைப் பங்கிட்டுப் போட உதவும் எம்பிஐ லைப்ரரியோடு சேர்த்து அதைக் கம்பைல் செய்வார்கள். செய்தியோடு திரையின் போட்டோ ஒன்று இருக்கும். அதில் கடைசிச் சில வரிகள் தெரியும், முடிவில் "மேக்: எரர் 2" என்றிருக்கும்.

அந்த வரியை வைத்துக்கொண்டு எவராலும் எதுவும் சொல்ல முடியாது. மேக் என்பது கம்பைல் வேலைகளை வரிசையாக நடத்தும் கட்டளை. வேலை நின்றுவிட்டது என்று மட்டும்தான் அது சொல்கிறது. உண்மையான காரணம் அதற்கு மேலே எங்கேயோ கிடக்கும். மேக்கை எட்டு வேலைகளாகப் பிரித்து ஓட விட்டிருந்தால் செய்திகள் ஒன்றோடொன்று கலந்து இன்னும் குழப்பும். எரர் வந்தால் பிரிக்காமல் வெறும் மேக் கொடுங்கள். வெளியீடு முழுவதையும் ஒரு ஃபைலில் பிடித்து, முதலில் வரும் எரரைத் தேடுங்கள். மேக்குக்கு முன்னால், கம்ப்யூட்டரில் என்னென்ன இருக்கிறது என்று சோதிக்கும் கான்ஃபிகர் கட்டத்திலேயே நின்றுவிட்டதென்றால் "கான்ஃபிக் டாட் லாக்" ஃபைலைத் திறந்து பாருங்கள். அங்கே எல்லாம் எழுதியிருக்கும்.

அந்த முதல் எரர் எந்தக் கட்டத்தில் வந்தது என்பது அடுத்த கேள்வி. ஹெடர் ஃபைலோ (சி மொழிக்கு) மாட் ஃபைலோ (ஃபோர்ட்ரான் மொழிக்கு) இல்லை என்றால் அது மூல நிரலை மொழிபெயர்க்கும் கம்பைல் கட்டம். "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்" என்றால் மொழிபெயர்த்த துண்டுகளையும் லைப்ரரிகளையும் இணைக்கும் லிங்க் கட்டம். எல்லாம் முடிந்து நிரலை ஓட்டும்போது "எரர் வைல் லோடிங் ஷேர்ட் லைப்ரரிஸ்" என்று வந்தால் அது ஓடும் கட்டம். மூன்றுக்கும் மருந்து வேறு. ஆனால் பலரும் மூன்றுக்கும் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள்: கூகுளில் கிடைத்த இன்ஸ்டால் கட்டளையை அப்படியே ஓட்டுகிறார்கள். இப்படி ஓட்டி ஓட்டி ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு மூன்று எம்பிஐ சேர்ந்துவிடும். இதைத்தான் நான் பெரிய தவறு என்பேன்.

உபுண்டு லினக்ஸ் தரும் ஓப்பன் எம்பிஐ ஒன்று. எம்பிச் என்ற வேறொரு எம்பிஐ ஒன்று. பைத்தானுக்காகப் போட்ட அனகோண்டாவுக்குள் இன்னொன்று. டெர்மினலைத் திறந்ததும் அனகோண்டா தன் ஃபோல்டரை, கட்டளைகளைத் தேடும் பட்டியலான பாத்தின் முன்னால் வைத்துக்கொள்ளும். அதனால் கம்பைல் செய்தது ஒரு எம்பிஐயில், நிரலைப் பல புராசஸ்களாக ஓட்டும் "எம்பிஐரன்" கட்டளை இன்னொன்றிலிருந்து என்று ஆகிவிடும். இப்படிக் கலந்தால் எரரே வராமல் போகலாம். நான்கு புராசஸ் கேட்டால், நான்கும் தனித்தனியாக "நான் ஒருவன்தான்" என்று நினைத்துக்கொண்டு அதே கணக்கை நான்கு முறை போடும். அவுட்புட்டில் தலைப்பு நான்கு தடவை வரும். "நாலு கோர் கொடுத்தும் வேகம் ஏறலையே" என்று கேட்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கண்டுபிடிப்பது எளிது. "விச்" கட்டளையால், எம்பிஐயோடு கம்பைல் செய்யும் எம்பிஐஎஃப்90, ஓட்டும் எம்பிஐரன் இரண்டும் ஒரே ஃபோல்டரிலிருந்து வருகின்றனவா என்று பாருங்கள். கம்பைல் ஆன நிரலின் மேல் "எல்டிடி" ஓட்டினால் அது எந்த லிப்எம்பிஐ (எம்பிஐ லைப்ரரி ஃபைல்) தேடுகிறது என்று தெரியும். அந்த ஃபைல் பெயரின் முடிவில் ஓப்பன் எம்பிஐ 4 என்றால் எஸ்ஓ 40, எம்பிச் என்றால் எஸ்ஓ 12. கம்பைல் செய்யும்போதும் ஓட்டும்போதும் அனகோண்டாவை (கோண்டா) டிஆக்டிவேட் செய்துவிடுங்கள்.

கம்பைலருக்கும் இதே கதிதான். ஃபோர்ட்ரானின் மாட் ஃபைலை உருவாக்கிய ஜிஃபோர்ட்ரான் கம்பைலரின் பதிப்பு ஒன்று, படிப்பது வேறொன்று என்றால் படிக்க முடியாது என்று சொல்லிவிடக்கூடும். இன்டெல் கம்பைலரின் மாட் ஃபைலை ஜிஃபோர்ட்ரான் தொடவே தொடாது. ஆகவே எஃப்எஃப்டிடபிள்யூ (ஃபூரியே மாற்றம்), எச்டிஎஃப்5 (தரவு ஃபைல்கள்), ஸ்கேலபேக் (பல புராசஸ்களில் அணிக் கணக்கு) போன்ற லைப்ரரிகள், கடைசியில் உங்கள் மென்பொருள், எல்லாம் ஒரே கம்பைலரிலும் ஒரே எம்பிஐயிலும் உருவானவையாக இருக்கட்டும். எச்டிஎஃப்5 இருக்கிறது என்பது மட்டும் போதாது. அது சீரியலா பேரலலா என்று பாருங்கள். இன்டெலின் கணித லைப்ரரியான எம்கேஎல் எடுத்தால், அதில் ஸ்கேலபேக்குக்காக எம்பிஐயோடு பேசும் பிளாக்ஸ் லைப்ரரி ஒவ்வொரு எம்பிஐ குடும்பத்துக்கும் தனித்தனி. ஓப்பன் எம்பிஐக்கு உரியதை விட்டு இன்டெல் எம்பிஐக்கு உரியதைச் சேர்த்தால் லிங்க் ஆகிவிடும், ஓடும்போது செத்துவிடும்.

இன்னொன்று. ஜிஃபோர்ட்ரானையும் உள்ளடக்கிய ஜிசிசி கம்பைலர் தொகுப்பின் 2020இல் வந்த 10ஆம் பதிப்பு முதல், ஆர்கியுமென்ட் வகை பொருந்தாத அழைப்புகளை ஜிஃபோர்ட்ரான் எரராகவே எடுத்துக்கொள்கிறது. பழைய நிரல்களில் எம்பிஐ அழைப்புகள் இப்படி நிறைய உண்டு. அங்கே லைப்ரரியை மாற்றிப் பயனில்லை, "எஃப்அலோ ஆர்கியுமென்ட் மிஸ்மேட்ச்" என்ற ஃபிளாக் போட்டால் போதும்.

லிங்க் வரியில் வரிசை முக்கியம். கேட்பவர் முன்னால், கொடுப்பவர் பின்னால். ஆப்ஜெக்ட் ஃபைல்கள், அப்புறம் ஸ்கேலபேக், அப்புறம் அணிக் கணக்குகளுக்கான லபேக், கடைசியில் அதற்கு அடிப்படையான பிளாஸ். வானிலைக் கணிப்புக்கு டபிள்யூஆர்எஃப் மென்பொருளை ஓட்டுபவர்கள், தரவு ஃபைல்களைக் கையாளும் நெட்சிடிஎஃப்பின் ஃபோர்ட்ரான் லைப்ரரியை முதலிலும் சி லைப்ரரியை அடுத்தும் வைக்க வேண்டும். நெட்சிடிஎஃப் 4.2 பதிப்பிலிருந்து இரண்டும் தனித்தனிப் பேக்கேஜ்கள் என்பதால் ஒன்றை மட்டும் போட்டுவிட்டுத் திணறுபவர்கள் உண்டு. "கேனாட் ஃபைன்ட்" என்று லைப்ரரி பெயரோடு வந்தால் பெரும்பாலும் உபுண்டுவில் "டெவ்" என்று முடியும் பேக்கேஜை விட்டிருப்பீர்கள்.

இனி ஓடும் கட்டம். லைப்ரரி வட்டில் இருக்கும், ஆனால் கிடைக்கவில்லை என்று வரும். மதுரையில் கோயம்புத்தூர் பஸ் ஆரப்பாளையத்தில் நிற்கும்போது மாட்டுத்தாவணியில் காத்திருப்பது போலத்தான்: பஸ் இல்லாமல் இல்லை, தேடும் இடம் தப்பு. லைப்ரரிகளைத் தேடும் ஃபோல்டர் பட்டியலான "எல்டி லைப்ரரி பாத்"தில் சரியான ஃபோல்டரைச் சேருங்கள், அல்லது கம்பைல் செய்யும்போதே, அந்த ஃபோல்டரை நிரலுக்குள்ளேயே பதிக்கும் ஆர்பாத் கொடுங்கள். தயவுசெய்து ஜிஃபோர்ட்ரானின் லைப்ரரியான லிப்ஜிஃபோர்ட்ரான் எஸ்ஓ 5ஐ எஸ்ஓ 3 என்ற பெயரில் சுட்டும் லிங்க் போடாதீர்கள். இணையத்தில் பலர் சொல்லும் வழி இது. அந்த எண் மாறியதே உள்ளே அமைப்பு மாறியதால்தான். நிரல் ஓடினாலும் அதன் விடையை நம்பி ஆய்வுக்கட்டுரை எழுத முடியாது.

திருச்சி என்ஐடியில் 2022 முதல் பரம் பொருள் சூப்பர் கம்ப்யூட்டர் இருக்கிறது, 838 டெராஃபிளாப் திறன் கொண்டது. இப்படி ஒரு பெரிய இயந்திரத்தில் அனுமதி கிடைத்ததும், நம் ஊர் ஆய்வகக் கம்ப்யூட்டரில் கம்பைல் செய்ததை அப்படியே காப்பி செய்துகொண்டு போகாதீர்கள். லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி, உபுண்டு 22.04இல் இருப்பது 2.35, சென்ட்ஓஎஸ் 7இல் இருப்பது 2.17. புதியதில் உருவானது பழையதில் பெரும்பாலும் ஓடாது. அங்கேயே, அங்குள்ள கம்பைலரையும் லைப்ரரிகளையும் இயக்கத்துக்குக் கொண்டுவரும் மாட்யூல்களை லோடு செய்து கம்பைல் செய்யுங்கள். வேலையை வரிசையில் சமர்ப்பிக்கும் ஜாப் ஸ்கிரிப்டிலும் அதே மாட்யூல்களை லோடு செய்ய வேண்டும். லாகின் செய்த டெர்மினலில் மட்டும் செய்தால் போதாது.

எதை மாற்றினாலும், பழைய கம்பைல் ஃபைல்களை அழிக்கும் மேக் கிளீன் கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். கான்ஃபிகருக்குப் பதில் சிமேக் பயன்படுத்தும் மென்பொருள் என்றால் பில்ட் ஃபோல்டரையே அழித்துவிடுங்கள். பழைய கேஷ் பழைய லைப்ரரியையே பிடித்துக்கொண்டிருக்கும்.

கம்பைல் ஆகிவிட்டால் மென்பொருளோடு வரும் சோதனைக் கணக்கு ஒன்றை ஒரு புராசஸிலும், பிறகு நான்கிலும் ஓட்டுங்கள். ஒரே புராசஸுக்குள் வேலையைப் பிரிக்கும் ஓப்பன்எம்பியின் திரெட் எண்ணிக்கையை 1 என்று வைத்துக்கொண்டு ஓட்டுங்கள், இல்லையென்றால் பிளாஸின் ஒரு வடிவமான ஓப்பன்பிளாஸும் தன் பங்குக்குத் திரெட்களைக் கிளப்பி எல்லாவற்றையும் மெதுவாக்கிவிடும். மொத்த ஆற்றல் கடைசி இலக்கங்களில் சற்றே மாறலாம், அது இயல்பு. முதல் சில இலக்கங்களே மாறினால் ஸ்கேலபேக்கையும் பிளாக்ஸையும் சந்தேகப்படுங்கள். அடுத்து, 64 பிட் முழு எண்ணுக்கான ஐஎல்பி64 எம்கேஎல்லை 32 பிட் முழு எண்ணைப் பயன்படுத்தும் நிரலோடு சேர்த்துவிட்டீர்களா என்று லிங்க் வரியைப் பாருங்கள்.