குளிர்பெட்டியின் வெப்பநிலையைப் பிளாக்செயினில் பதிவது எப்படி?

தடுப்பூசிகளில் பெரும்பாலானவற்றை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் வைத்திருக்க வேண்டும். குளிர்பெட்டிக்குள் ஓர் உணரியை வைத்து அளவீடுகளைச் சர்வருக்கு அனுப்புவது பொருட்களின் இணையத்தில் (கருவிகளை இணையத்தோடு இணைக்கும் நுட்பத்தில்) எளிய வேலைதான். ஆனால் நள்ளிரவில் 14 டிகிரிக்கு ஏறிய அளவீட்டைச் சர்வரை நிர்வகிப்பவர் பின்னர் 6 என்று திருத்தினால் அது யாருக்கும் தெரியாது. அத்தகைய திருத்தம் வெளிப்பட்டே தீரும்படி செய்வதற்குத்தான், பல கணினிகளில் ஒருசேரக் காக்கப்படுவதும் எழுதியதைப் பின்னர் மாற்ற இயலாததுமான பதிவேடாகிய பிளாக்செயினைச் சேர்க்கிறோம்.

முதல் படி, கருவியை இணைப்பது. இஎஸ்பி32 பலகை (வைஃபை வசதியுள்ள சிறு கணினிப் பலகை), டிஎஸ்18பி20 வெப்பநிலை உணரி, 4.7 கிலோ ஓம் மின்தடை ஆகியவை போதும். உணரியின் மின்கம்பியை 3.3 வோல்ட் முனையிலும், கிரவுண்ட் கம்பியை அதற்குரிய முனையிலும், தரவுக் கம்பியை 4ஆம் ஜிபிஐஓ (உள்ளீட்டு, வெளியீட்டு) முனையிலும் இணைத்து, தரவுக் கம்பிக்கும் 3.3 வோல்ட் முனைக்கும் இடையே மின்தடையைப் பொருத்துங்கள். பலகைக்கு நிரல் எழுதும் ஆர்டுயினோ மென்பொருளில் ஒன்வயர், டல்லஸ் டெம்பரேச்சர் ஆகிய நூலகங்களை (ஆயத்த நிரல் தொகுப்புகளை) நிறுவுங்கள். மின்சாரம் வந்தவுடன் இந்த உணரி சில நேரம் 85 என்று காட்டும்; கம்பி கழன்றிருந்தால் நூலகம் -127 என்ற எண்ணைத் தரும். இவை வெப்பநிலைகள் அல்ல என்பதால், இவற்றைப் பழுது என்று தனியாகக் குறிக்க வேண்டும். சங்கிலியில் ஏறிய பிழையைப் பின்னர் நீக்க இயலாது.

இரண்டாம் படி, பதிவுகளை ஹாஷால் கோப்பது; இதில்தான் முழுக் கவனமும் தேவை. ஹாஷ் என்பது ஒரு தரவிலிருந்து கணக்கிடப்படும், அதன் கைரேகை போன்ற நிலையான நீளமுள்ள குறியீடு; தரவில் ஓர் எழுத்து மாறினாலும் அது முற்றிலும் மாறிவிடும். நேரம், வெப்பநிலை, முந்தைய பதிவின் ஹாஷ் ஆகிய மூன்றையும் ஒரே வரியாகக் கோத்து, அந்த வரிக்கு ஷா-256 என்னும் முறையில் ஹாஷைப் பலகையிலேயே கணக்கிட்டு, வரியையும் ஹாஷையும் சர்வருக்கு அனுப்புங்கள். இதற்கான எம்பெட்டிஎல்எஸ் நூலகம் இஎஸ்பி32 தொகுப்பிலேயே உள்ளது. முதல் பதிவுக்கு முந்தைய ஹாஷ் இல்லாததால், அங்கே ஹாஷின் எழுத்து நீளத்திற்கு ஈடாக 64 சுழியங்களை இடலாம். 4.5 என்பதும் 4.50 என்பதும் முற்றிலும் வேறான ஹாஷ்களைத் தரும் என்பதால், தசம இடங்களையும் நேரத்தின் வடிவத்தையும் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.

மூன்றாவது, பிளாக்செயினில் பதிவது. நிமிடத்திற்கு ஓர் அளவீடு என்றால் நாளொன்றுக்கு 1,440 பதிவுகள் சேரும். பிளாக்செயினில் எழுத ஒவ்வொரு முறையும் கட்டணம் உண்டு; எல்லாப் பதிவுகளுக்கும் அதைச் செலுத்துவது வீண். மணிக்கு ஒருமுறை கடைசி ஹாஷை மட்டும் எழுதினால், அதற்கு முந்தைய எல்லாப் பதிவுகளும் அதனுள் அடங்கிவிடும். பழகுவதற்கு, எதீரியம் என்னும் பிளாக்செயினின் செப்போலியா சோதனை வலைப்பின்னல் ஏற்றது. கட்டணம் செலுத்த அதற்குரிய சோதனை ஈதரை (மதிப்பற்ற சோதனை நாணயத்தை) இலவசமாகப் பெறலாம். சர்வரில் பைத்தான் நிரல்மொழியின் வெப்3 நூலகத்தைக் கொண்டு, உங்கள் எதீரியம் முகவரிக்கே ஒரு பரிவர்த்தனையை அனுப்பி, அதன் தரவுப் பகுதியில் 32 பைட் ஹாஷை வையுங்கள்.

சரிபார்ப்பதற்கு, சர்வரில் உள்ள ஏதேனும் ஓர் அளவீட்டை நீங்களே மாற்றிவிட்டு, முதல் வரியிலிருந்து ஹாஷ்களை மீண்டும் கணக்கிடுங்கள். மாற்றிய வரிக்குப் பின்வரும் ஹாஷ்கள் அனைத்தும் வேறுபடும். செப்போலியாவில் உள்ளதோடு அவை பொருந்தமாட்டா.

உணரியை எடுத்து யாரேனும் பனிக்கட்டியில் வைத்தால், அந்தப் பொய்யையும் பிளாக்செயின் அப்படியே காக்கும். ஆகவே உணரியைப் பெட்டிக்குள் முத்திரையிட்டுப் பொருத்துங்கள். சர்வர் ஹாஷை எழுதும் முன்பே பதிவுகளை மாற்றிவிடாதிருக்க, ஏடிஇசிசி608 போன்ற பாதுகாப்புச் சில்லைப் பலகையில் சேர்த்து, ஒவ்வொரு பதிவிலும் கருவியே டிஜிட்டல் கையொப்பம் இடச் செய்யுங்கள்.