புதிய மீன்தொட்டியில் மீன் நோயுற்றால்: மருந்துக்கு முன்பும் பின்பும் செய்ய வேண்டியவை

புதிதாக அமைத்த நன்னீர்த் தொட்டியில் இரண்டாம் மூன்றாம் வாரமளவில் மீன்கள் சோர்வதும், மேற்பரப்பில் வந்து மூச்சு வாங்குவதும், ஒன்றிரண்டு இறப்பதும் வழமையாக நடப்பவை. உடனே கடைக்குப் போய் நீல நிற மருந்தொன்றை வாங்கி ஊற்றுவதே பெரும்பாலானோர் செய்யும் முதல் வேலை. புதிய தொட்டியில் அது பெரும்பாலும் தவறான வேலை. ஏனெனில் அங்கே முதலில் கெட்டிருப்பது மீன் அல்ல, தண்ணீர். அதோடு, குளிர்நாட்டாரின் அனுபவத்தில் எழுதப்பட்ட அறிவுரைகள் வன்னியின் வெப்பத்துக்கும் கிணற்று நீருக்கும் அப்படியே பொருந்துவதில்லை. கீழுள்ள படிகளை அந்த இரண்டையும் மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன். கணக்குகள் யாவும் இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட, ஏறத்தாழ 50 லீற்றர் நீர் கொள்ளும் தொட்டிக்கானவை.

முதற்படி: கை வைக்காமல் கவனியுங்கள்

தொட்டிக்கு முன்னால் கால் மணி நேரம் அமர்ந்து பாருங்கள். எல்லா மீன்களும் ஒரே நாளில் ஒரே விதமாக வாடியிருந்தால் பிழை தண்ணீரில் இருக்கிறது. ஒரு மீன் வாடி, சில நாட்களில் இன்னொன்றும் வாடி, உடலில் புள்ளியோ புண்ணோ பஞ்சு போன்ற படிவோ தெரிந்தால் கிருமியைச் சந்தேகிக்கலாம். விடியற்காலையில் மட்டும் மூச்சு வாங்கி, வெளிச்சம் வந்த பின் தெளிந்துவிட்டால் ஒட்சிசன் குறைவு. நீர்த்தாவரங்கள் அடர்ந்த தொட்டியில் இது அதிகம், ஏனெனில் இரவில் அவையும் ஒட்சிசனை எடுத்துக்கொள்கின்றன. பகல் முழுவதும் மூச்சு வாங்குவதோடு பூக்கள் (செவுள்கள்) கன்றிச் சிவந்திருந்தால் அமோனியாவையும், பழுப்பு நிறமாக மாறியிருந்தால் நைத்திரைற்றையும் நினையுங்கள்.

இரண்டாம் படி: உணவை நிறுத்தித் தண்ணீரை மாற்றுங்கள்

இரண்டு நாட்களுக்கு உணவு போட வேண்டாம். வளர்ந்த மீன் அதனால் சாகாது. பிறகு தொட்டி நீரில் மூன்றிலொரு பங்கை, அடியிலுள்ள கழிவோடு சேர்த்துக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, புதிய நீரை மெதுவாக ஊற்றுங்கள். மீன்கள் மிக மோசமான நிலையில் இருந்தால் பாதியளவு மாற்றலாம். முழுவதையும் இறைத்து, தொட்டியைக் கழுவி, கற்களைத் தேய்த்து மீண்டும் தொடங்க வேண்டாம். அப்படிச் செய்தால் உருவாகத் தொடங்கியிருக்கும் நல்ல பற்றீரியாக்களும் போய்விடும்.

எந்த நீரை ஊற்றுகிறீர்கள் என்பது முக்கியம். நகரக் குழாய் நீரிலும் பவுசரில் வரும் நீரிலும் குளோரீன் இருக்கக்கூடும். திறந்த வாளியில் ஒரு நாள் வைத்தால் அது பெரும்பாலும் வெளியேறிவிடும், அவசரமென்றால் மீன் கடையில் கிடைக்கும் குளோரீன் நீக்கியைச் சேர்க்கலாம். குழாய்க்கிணற்று நீரில் குளோரீன் இல்லை. ஆனால் நிலத்தின் ஆழத்திலிருந்து வருவதால் அதில் ஒட்சிசன் மிகக் குறைவாகவும் காபனீரொட்சைட்டு மிகுதியாகவும் இருப்பதுண்டு. ஆகவே அதையும் ஓர் இரவு வாளியில் வைத்து, எயார் பம்ப்பால் காற்றுச் செலுத்திய பின்னரே ஊற்ற வேண்டும். வயலோரக் கிணறாயின், மருந்தடித்த நாட்களிலும் பெருமழை பெய்த மறுநாளிலும் அந்த நீரைத் தவிர்ப்பது நல்லது.

இங்கே அமோனியா ஏன் கூடுதலாகக் கொல்கிறது

மீனின் கழிவும் எஞ்சிய உணவும் அமோனியாவாக மாறுகின்றன. ஒரு வகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாகவும், இன்னொரு வகை அந்த நைத்திரைற்றை அதிகம் தீங்கில்லாத நைத்திரேற்றாகவும் மாற்றும். இப்பற்றீரியாக்கள் வடிகட்டியின் பஞ்சிலும் கற்களிலும் குடியேறிப் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். கடையில் மீன் வாங்கிய அன்றே தொட்டியை நிரப்பியவர்கள் இந்த இடைவெளியில்தான் அகப்படுகிறார்கள்.

அமோனியாவில் நச்சுத்தன்மை மிகுந்த பகுதி எவ்வளவு என்பதை நீரின் அமில காரத் தன்மையைக் காட்டும் பீ.எச். பெறுமானமும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. பீ.எச். 7 ஆகவும் வெப்பம் 25 பாகை செல்சியஸ் ஆகவும் உள்ள நீரில் அப்பகுதி நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, பீ.எச். 8 ஆகவும் வெப்பம் 30 பாகையாகவும் உள்ள நீரில் அது நூற்றுக்கு ஏழைத் தாண்டுகிறது. கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டும், பெரும்பாலும் பீ.எச். உயர்ந்த கடினக் கிணற்று நீரையும், தகரக் கூரையின் கீழ் வைத்த தொட்டியையும் சேர்த்துப் பார்த்தால், இரண்டாவது கணக்கே நமக்குரியது. எனவே துளி முறையில் சோதிக்கும் பெட்டி ஒன்றை, மருந்து வாங்குவதற்கு முன் வாங்குங்கள். அமோனியாவோ நைத்திரைற்றோ சற்றேனும் தெரிகின்ற நாளெல்லாம் கால்பங்கு நீர் மாற்ற வேண்டும்.

நைத்திரைற்று தெரிந்தால் உப்பு உதவும். நைத்திரைற்று மீனின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலைக் கெடுப்பது. உப்பிலுள்ள குளோரைட்டு, பூக்களின் வழியாக அது உட்புகுவதைத் தடுக்கிறது. லீற்றருக்கு அரைக் கிராம், அதாவது நமது தொட்டிக்கு 25 கிராம் சாதாரண உப்பு போதும். வேறு பாத்திரத்தில் கரைத்து, சிறிது சிறிதாக ஊற்றுங்கள்.

மூன்றாம் படி: வெப்பத்தைக் குறையுங்கள்

வெண்புள்ளி நோய்க்குத் தண்ணீரைச் சூடாக்கும்படி பல இடங்களில் எழுதியிருப்பார்கள். சித்திரை தொடங்கி ஆவணி வரை இங்கே தொட்டி நீர் தானாகவே 29, 30 பாகையில் நிற்கும்போது அந்த அறிவுரைக்கு வேலையில்லை. நீர் சூடாகச் சூடாக அதில் ஒட்சிசன் கரையும் அளவு குறைகிறது: 20 பாகையில் லீற்றருக்கு 9 மில்லிகிராமளவு கரையும், 30 பாகையில் ஏழரை மில்லிகிராம்தான். மூடியைத் திறந்து வலையால் மூடி, மேசை மின்விசிறியின் காற்று நீரின் மேற்பரப்பில் படும்படி வையுங்கள். இரண்டு பாகையாவது குறையும். பனிக்கட்டி போட வேண்டாம். வெப்பம் திடீரென்று ஏறி இறங்குவது நோயை வரவழைக்கும்.

மின்சாரம் நின்றுவிட்டால் மின்கலத்தில் இயங்கும் சிறிய எயார் பம்ப் உதவும். பல மணி நேரம் நின்ற வடிகட்டியை, மின்சாரம் வந்தவுடன் அப்படியே இயக்காமல், அதன் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரில் அலசிவிட்டு இயக்குங்கள்.

நான்காம் படி: நோயை அடையாளம் காணுங்கள்

தண்ணீர் சரியான பின்னரும் அடையாளங்கள் இருந்தால், 20 லீற்றர் பேசின் ஒன்றில் தொட்டி நீரையே நிரப்பி, எயார் பம்ப் போட்டு, நோயுற்ற மீனை அங்கே மாற்றலாம். வெண்புள்ளி நோய் மட்டும் இதற்கு விலக்கு.

உடலிலும் செட்டைகளிலும் உப்புத் தூவியது போன்ற வெள்ளைப் புள்ளிகள் தெரிந்து, மீன் கற்களில் உரசிக்கொண்டால் அது வெண்புள்ளி நோய். இதை உண்டாக்கும் ஒட்டுண்ணி மீனின் தோலுக்கடியில் இருக்கும்போது மருந்து அதைத் தொடாது. அது முதிர்ந்து, அடியில் விழுந்து, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிந்து, அவை இன்னொரு மீனைத் தேடி நீந்தும் அந்த நேரத்தில்தான் கொல்ல முடியும். அதனால் முழுத் தொட்டிக்கும் மருந்திட வேண்டும். புள்ளிகள் மறைந்துவிட்டன என்று நிறுத்தாமல், கடைசிப் புள்ளி மறைந்த பின்னும் ஒரு வாரம் தொடர வேண்டும். கப்பி, மொலி, பிளாட்டி போன்றவை மட்டும் உள்ள தொட்டிக்கு லீற்றருக்கு இரண்டு கிராம் உப்பு, அதாவது 100 கிராம், மூன்று பங்காக ஒன்றரை நாளில் சேர்க்கலாம். முன்பே நைத்திரைற்றுக்காக உப்பிட்டிருந்தால் அந்த அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். கெளுத்தி இன மீன்களும் தாவரங்களும் இவ்வளவு உப்பைத் தாங்குவது கடினம். அவை இருந்தால் மலக்கைட் பச்சை கலந்த மருந்தைப் பயன்படுத்தலாம். கெளுத்தி இனங்களுக்கு அதிலும் பாதியளவே.

வாயைச் சுற்றிப் பஞ்சு போல் படிந்து, ஒன்றிரண்டு நாட்களில் மீன் இறந்தால், அதைப் பூஞ்சை என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலும் அது கொலம்னாரிஸ் என்னும் பற்றீரியா நோய். வெப்பம் கூடக்கூட விரைந்து பரவும். அந்த மீனை உடனே பிரித்து, மற்றவற்றுக்கு நீரைக் குளிர்வித்து, மாவட்டக் கால்நடை வைத்தியரிடம் ஆலோசனை கேளுங்கள். செட்டை அரித்துப் போவது பெரும்பாலும் நீரைத் தொடர்ந்து மாற்றினாலே ஆறும். வயிறு ஊதிச் செதில்கள் விரிந்து நிற்கும் மீன் பிழைப்பது அரிது.

ஐந்தாம் படி: மருந்திடும்போது

வடிகட்டியில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், அது மருந்தை உறிஞ்சிவிடும். மெதிலீன் நீலத்தைப் பேசினில் மட்டும் பயன்படுத்துங்கள். தொட்டியில் ஊற்றினால் நல்ல பற்றீரியாக்களையும் அழிக்கும். பாமசியில் வாங்கிய டெட்ராசைக்கிளின் என்னும் பற்றீரியா எதிர்ப்பு மாத்திரையை உடைத்துத் தொட்டியில் போடும் பழக்கம் இங்கே வீண்: கடின நீரிலுள்ள கல்சியத்தோடு அது பிணைந்து வலுவிழந்துவிடும். இரண்டு மருந்துகளை ஒன்றாகக் கலக்கவே வேண்டாம்.

நோய் போலத் தோன்றி நோயில்லாத ஒன்றும் உண்டு. கொசுவர்த்தியிலும் டெங்குப் புகையிலும் உள்ள மருந்துகள் மீனுக்குக் கடும் நஞ்சு. புகையடிக்க வருகிறார்கள் என்றால் தொட்டியை ஈரத்துணியால் முழுவதும் மூடி, அறைக்காற்றை உள்ளிழுக்கும் எயார் பம்ப்பைப் புகை அடங்கும்வரை நிறுத்துங்கள்.

இறந்த மீனை மண்ணில் புதையுங்கள். உயிருள்ள மீனை, பாவம் பார்த்துக்கூட, குளத்திலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். டேங்க் கிளீனர் என்று விற்கப்படும் மீன் இலங்கையின் நீர்நிலைகளில் ஆக்கிரமிப்பு இனமாகிவிட்டது.

அமோனியாவும் நைத்திரைற்றும் ஒரு வாரம் தொடர்ந்து பூச்சியமாகக் காட்டிய பின்னரே அடுத்த மீன்களை வாங்குங்கள். அவற்றையும் இரண்டு வாரமாவது அதே பேசினில் தனியே வைத்திருந்து, புள்ளியோ புண்ணோ இல்லையென்று கண்ட பின் தொட்டியில் விடுங்கள். நமது கடின நீரில் கப்பி, மொலி, பிளாட்டி, வாள்வால் ஆகியவை இலகுவாக வாழும். நியோன் டெட்ராவையும் டிஸ்கஸையும் முதல் தொட்டிக்கு வாங்க வேண்டாம்.