கிணத்துத் தண்ணியில இரும்பு பார்க்க ஒரு சின்னக் கலரிமீட்டர் செய்யிறது எப்படி

மட்டக்களப்புப் பக்கம் கொஞ்ச இடங்கள்ல கிணத்துத் தண்ணி அள்ளேக்குள்ள கண்ணாடி மாதிரி இருக்கும், வாளியில அரை நாள் வெச்சா மஞ்சளாகி அடியில செம்மண் மாதிரி படியும். அது கரைஞ்சிருந்த இரும்பு காத்துப் பட்டு மாறி வீழ்படிவாகிறது. லீட்டருக்கு 0.3 மில்லிகிராம் அளவைத் தாண்டினா உடுப்புல கறையும் வாயில ருசியும் தெரியத் தொடங்கும், ஆனா அது 0.3ஆ 3ஆ எண்டு கண்ணால சொல்ல ஏலாது, அதுக்குத்தான் இந்தப் பெட்டி, அதாவது நிறம் எவ்வளவு கடுமை எண்டு வெளிச்சத்தால அளக்கிற கலரிமீட்டர். ஏஎல் கெமிஸ்ட்ரி படிக்கிற பிள்ளையளோட சேர்ந்து ரெண்டு மூண்டு பெட்டி செஞ்சு பார்த்த பிறகு எனக்கு விளங்கினது ஒண்டுதான், இதுல காசு செலவழிக்க வேண்டியது சென்ஸருக்கு இல்ல, கவனம் வேண்டியது வெளிச்சம் போற பாதைக்கு.

வேலை செய்யிற விதம் லேசு. தண்ணியில பினாந்த்ரொலின் எண்ட இரசாயனத்தைப் போட்டா இரும்போட சேர்ந்து செம்மஞ்சள் நிறம் வரும், அந்த நிறம் 510 நனோமீட்டர் பக்கத்துல உள்ள பச்சை வெளிச்சத்தை நல்லா உறிஞ்சும், அதனால பச்சை எல்இடி ஒண்டு போதும், கடையில கிடைக்கிறது 520, 525 எண்டுதான் இருக்கும், பரவாயில்ல. வெறும் கரைசலுக்குள்ளால (இரும்பு இல்லாதது) வந்த வெளிச்சத்தை மாதிரிக்குள்ளால (சோதிக்கிற தண்ணி) வந்த வெளிச்சத்தால வகுத்து மடக்கை எடுத்தா அதுதான் உறிஞ்சல், அது செறிவுக்கு நேர்விகிதம், ஏஎல் புத்தகத்துல வாற பியர் லாம்பர்ட் விதிதான்.

சாமான்: ஆர்டினோ நானோ (புரோகிராம் ஓடுற சின்ன போர்ட்), பிஎச்1750 வெளிச்ச சென்ஸர், தெளிவான தலையுள்ள 5 மில்லிமீட்டர் பச்சை எல்இடி, எல்எம்317 (வோல்ட், கரண்டை நிலையா வெச்சிருக்கிற ஐசி) ஒண்டு, 120 ஓம் ரெசிஸ்டர், 9 வோல்ட் அடப்டர், சின்ன டிஸ்ப்ளே, 1 சென்றிமீட்டர் பிளாஸ்டிக் குவெட் (கரைசல் விட்டு வைக்கிற சின்னச் சதுரக் குழாய்). இந்த சென்ஸர் மனிசக் கண் மாதிரி பச்சைக்குத்தான் கூடப் பதில் சொல்லும், அதால இந்த வேலைக்குப் பொருந்துது, ஆனா பொஸ்பேற்று பார்க்கிற 880 நனோமீட்டர் வேலைக்கு இதைப் பாவிக்க ஏலாது.

எல்எம்317 ஏன் எண்டு கேப்பீங்க. எல்இடிய 5 வோல்ட்ல 220 ஓம் போட்டுக் கொளுவினா சுமார் 8.6 மில்லி அம்பியர் போகும், யூஎஸ்பி வோல்ட் 0.1 குறைஞ்சாலே கரண்ட் கிட்டத்தட்ட 5 சதவீதம் விழும், வெளிச்சமும் அவ்வளவு விழும். இந்தப் பெட்டியில 1 மில்லிகிராம் இரும்புக்கு உறிஞ்சல் சுமார் 0.15தான் வரும், அந்த 5 சதவீதம் எண்டா 0.02, அதாவது தண்ணியில ஒண்டுமே மாறாம 0.15 மில்லிகிராம் இரும்பு தானா முளைக்குது, நாம தேடுற எல்லையில பாதி! எல்எம்317ஐ நிலையான கரண்ட் தாற மாதிரிக் கட்டினா 1.25ஐ 120ஆல வகுத்து 10 மில்லி அம்பியர், சப்ளை கொஞ்சம் ஆடினாலும் இது ஆடாது. அதுக்கு 5 வோல்ட் பத்தாது, 9 வேணும். போட்டு 10 நிமிஷம் சூடாக விட்டுட்டுத்தான் அளக்கத் தொடங்குங்க.

இப்ப பெட்டி. எங்கட முதல் பெட்டியில ஜன்னல் பக்கம் வெச்சா ஒரு கணக்கு, உள் மேசையில வெச்சா ஒரு கணக்கு வந்திச்சு. வெளி வெளிச்சம் கசிஞ்சா அதைக் கழிக்கலாம், எல்இடிய அணைச்சு ஒரு அளவு, போட்டு ஒரு அளவு எடுத்து ரெண்டையும் கழிச்சா சரி, அதை ஒவ்வொரு தரமும் புரோகிராமே செய்யட்டும். ஆனா எல்இடியோட வெளிச்சமே குவெட்டுக்குள்ளால போகாம பக்கத்தால சுத்தி சென்ஸருக்குப் போனா அதைக் கழிக்க வழியே இல்ல. உள்ளால வாற வெளிச்சத்துல 10ல ஒரு பங்கு அப்படிச் சுத்தி வந்தா 4 மில்லிகிராம் உள்ள தண்ணி 3.3 எண்டு காட்டும். அதால குவெட்டுக்கு முன்னாலயும் பின்னாலயும் 3 மில்லிமீட்டர் ஓட்டை நேருக்கு நேரா வெச்சு, உள்பக்கம் முழுக்க பளபளப்பில்லாத கறுப்புப் பெயின்ற் அடிங்க. செஞ்சு முடிச்சிட்டு குவெட் முழுக்க கறுப்பு டேப் சுத்தி வெச்சு எல்இடிய போட்டுப் பாருங்க, லக்ஸ் (சென்ஸர் காட்டுற வெளிச்ச அளவு) 0 வராட்டி எங்கயோ சுத்தி வருது, தேடி அடைங்க. குவெட் துளியும் ஆடப்படாது, தெளிவான ரெண்டு பக்கமும் வெளிச்சத்துக்கு நேர இருக்கோணும், ஒரு பக்கத்துல மார்க்கரால புள்ளி வெச்சு எப்பவும் அதே பக்கமா வையுங்க.

வெறும் கரைசலுக்கு லக்ஸ் குறைஞ்சது 3000 வரோணும். சென்ஸர் 1 லக்ஸ் படியா எண்ணுது, 100 லக்ஸ்தான் வருது எண்டா ஒவ்வொரு படியும் 1 சதவீதம், அது பத்தாது. எல்இடிய கிட்டக் கொண்டுவாங்க, 20 தரம் அளந்து சராசரி எடுங்க.

மாதிரி எடுக்கிறதுலதான் கூடப் பேர் பிழைக்கிறது. தண்ணிய போத்தல்ல எடுத்த கையோட கிணத்தடியிலயே ஐதான ஐதரோகுளோரிக்கமிலம் சில சொட்டு விடுங்க, இல்லாட்டி வீட்ட வரேக்குள்ள இரும்பு போத்தல் அடியில படிஞ்சிரும். பிறகு 20 மில்லிலீட்டர் மாதிரி, 1 சதவீத அஸ்கோர்பிக் அமிலம் 1, அசற்றேற்று தாங்கற் கரைசல் 2, 0.1 சதவீத பினாந்த்ரொலின் 2, மொத்தம் 25, 10 நிமிஷம் வையுங்க. உறிஞ்சலை இரும்பு அளவா மாத்திற அளவுகோட்டு வரைபுக்கு, மோர் உப்பு (இரும்பு உள்ள அமோனியம் சல்பேற்று உப்பு) 0.702 கிராமை கொஞ்சம் அமிலம் சேர்த்து 1 லீட்டராக்கினா 100 மில்லிகிராம் இரும்புக் கரைசல், அதை ஐதாக்கி 0, 0.5, 1, 2, 4 எண்டு செஞ்சு, மாதிரிக்குச் செஞ்சது எல்லாத்தையும் அதுக்கும் அப்படியே செய்யோணும். வரைபில அஞ்சு புள்ளியும் நேர்கோட்டுல விழோணும், மேல போகப் போக கோடு வளைஞ்சா திரும்ப டேப் சுத்தின குவெட்டை வெச்சுப் பாருங்க.

தண்ணியே பழுப்பா இருந்தா பினாந்த்ரொலினுக்குப் பதிலா 2 மில்லிலீட்டர் வடிநீர் விட்ட அதே மாதிரியை வெச்சு சீரோ எடுங்க. ஐஸ் பெட்டியில கொண்டுவந்த மாதிரிய உடன அளக்காதீங்க, நம்மட கடற்கரை ஈரப்பதத்துக்கு குவெட் வெளிப்பக்கம் ஒரு நிமிஷத்துல வேர்த்து, இரும்பே இல்லாத தண்ணியும் இரும்பு எண்டு காட்டும். அறைச் சூடு வந்த பிறகு ரிசூவால துடைச்சு வையுங்க, விரல் படுறது தெளிவில்லாத, தேஞ்ச பக்கத்துலதான். பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் பைக்கட் ஒண்டு போட்டு வெச்சா உப்புக் காத்துக்கு சென்ஸர் கால் பச்சை பிடிக்காது. வந்தாறுமூலை கம்பஸ் பக்கமோ ஒலுவில் கம்பஸ் பக்கமோ தெரிஞ்ச ஆக்கள் இருந்தா அதே அஞ்சு கரைசலையும் கொண்டுபோய் அங்கத்தைய பெரிய உறிஞ்சல் அளக்கிற மெசின்ல ஒரு தரம் போட்டு, ரெண்டு கணக்கையும் பக்கத்துல பக்கத்துல எழுதி பெட்டி மூடியில ஒட்டி வையுங்க.