நடுத்தர மோட்டார் சைக்கிளை ஓட்டிப் பார்த்துத் தெரிவுசெய்யும் முறை

150 முதல் 250 சீசீ வரையான மோட்டார் சைக்கிளை வாங்க எண்ணுபவர், காட்சியறை வாசலில் ஒரு சுற்றோடு நின்றுவிடாமல், எஞ்சின் நன்கு சூடேறும் வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். முதலில் ரயர்களின் காற்றைக் குறிப்பிட்ட அளவுக்குச் சரிசெய்யுங்கள். காற்றுக் கூடினால் நல்ல வண்டியும் குலுக்கும். யாழ்ப்பாணத்தில் என்றால், நல்லூர்ப் பக்கத்து ஒழுங்கையொன்றில், இரண்டாம் கியரில் மெதுவாகச் செல்லும்போது எஞ்சின் உதறாமல் இழுக்கிறதா, கிளட்ச் பிடிக்கும் இடக்கை நோகிறதா என்று கவனியுங்கள்.

அடுத்து, கடலேரியின் மேலாகச் செல்லும் பண்ணைப் பாலத்துக்குச் செல்லுங்கள். கடற்காற்று பக்கவாட்டில் மோதும் அந்த நேர்ப்பாதையில், வேக எல்லைக்குள் நின்றபடியே, வண்டி தடுமாறாமல் செல்கிறதா, கைபிடியிலும் கால்மிதியிலும் அதிர்வு எந்த வேகத்தில் எழுகிறது என்பவை தெளிவாகத் தெரியும். பள்ளத்தில் இறங்கிய வண்டி ஒருமுறை எழுந்து அடங்க வேண்டும். மீண்டும் மீண்டும் ஆடினால் அதிர்வுதாங்கி போதாது. பின்னால் ஒருவரை, அவருக்கும் தலைக்கவசம் அணிவித்து, ஏற்றியும் ஓட்டுங்கள். நம் வீடுகளில் மோட்டார் சைக்கிள் ஒருவருக்காக மட்டும் வாங்கப்படுவதில்லை.