சளி ஸ்லைடில் முதலில் செல்லைப் பாருங்கள்

நுரையீரல் நோயாளியின் சளி ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்தவுடன், ஆய்வகப் பயிற்சிக்கு வரும் மாணவர்கள் பெரும்பாலும் மிகப் பெரிதாக்கிக் காட்டும் எண்ணெய் லென்சைத் திருப்பிக் கிருமியைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். வாயில் எப்போதும் குடியிருக்கும் கிருமிகளும் அங்கே ஏராளமாகக் கிடப்பதால், நோய் செய்தது எது, கூட வந்தது எது என்பதை வடிவத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதைக் காட்டிக்கொடுப்பவை உடலின் நோயெதிர்ப்புச் செல்கள்தாம்.

மாதிரி சரியாக இருந்தால்தான் செல்களும் முழுதாகக் கிடைக்கும். காலையில் வெறும் தண்ணீரால் வாய் கொப்பளித்து, ஆழ மூச்சிழுத்து இருமி எடுத்த சளியே வேண்டும். வெற்றிலை போடும் பெரியவர்களிடம் இதை இருமுறை சொல்ல வேண்டியிருக்கும். பேரையூரிலிருந்து மதுரைக்கு வரும் டப்பா 2 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேராது என்றால் ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். சித்திரை வெயிலில் பஸ்ஸில் வந்த மாதிரியில் வெள்ளணுக்கள் சிதைந்தும் வாய்க்கிருமிகள் பெருகியும் போயிருக்கும். சளி பச்சையாக இருப்பதாலேயே கிருமி மிகுதி என்று முடிவு கட்டாதீர்கள். அது நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவில் உள்ள மையலோபெராக்சிடேஸ் நொதியின் நிறம்.

கிருமிகளை ஊதா, சிவப்பு என இரு வகையாகப் பிரித்துக் காட்டும் கிராம் சாயமிட்ட ஸ்லைடை முதலில் 10 மடங்கு லென்சில் பாருங்கள். (1884இல் டென்மார்க் மருத்துவர் கிராம் இந்த முறையை வெளியிட்டதே நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரலை ஆராய்ந்துதான்.) ஒரு புலத்தில், அதாவது லென்சில் ஒரே நேரத்தில் தெரியும் வட்டத்தில், நியூட்ரோஃபில்கள் 25க்கு மேலும், வாயின் உட்பரப்பிலிருந்து உதிரும் தட்டையான எபிதீலியல் செல்கள் 10க்குக் கீழும் இருந்தால் அது நெஞ்சுச்சளி. எபிதீலியல் செல்களே நிறைந்திருந்தால் அது எச்சில்; வேறு மாதிரி கேளுங்கள். பெரிய உடலும் ஒற்றை உட்கருவும் கொண்ட, கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் தென்பட்டால், மாதிரி நுரையீரலின் காற்றறைகளிலிருந்து வந்தது என்று நம்பலாம்.

இதன் பிறகே எண்ணெய் லென்ஸ். நியூட்ரோஃபில்களின் நடுவே, சுற்றிலும் சாயமேறாத வெளிவட்டத்துடன், இரண்டிரண்டாக ஊதா நிறத்தில் நிற்பவை நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ்களாக இருக்கலாம். அந்த வெளிவட்டம் சர்க்கரைப் பொருளால் ஆன உறை. வெள்ளணு விழுங்குவதற்குக் கிருமியின் மேல் எதிர்ப்புப் பொருளோ இரத்தத்திலுள்ள காம்ப்ளிமென்ட் என்ற பாதுகாப்புப் புரதமோ ஒட்டிப் பிடிகொடுக்க வேண்டும். உறை அந்தப் பிடியை மறைத்துவிடுகிறது. நியூட்ரோஃபில் தன் டிஎன்ஏவையே வலையாக வீசினாலும், நிமோகாக்கஸ் அதை அறுக்கும் நொதியை வைத்திருக்கிறது. ஆகவே கிருமிகள் செல்லுக்கு வெளியே மிகுந்திருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். செல்லுக்குள் விழுங்கப்பட்ட கிருமியையும் கண்டால் குறித்துக்கொள்ளுங்கள்; அது வெறும் வாய்க்கிருமி அன்று என்பதற்கு நல்ல சான்று. பருத்த சிவப்புக் குச்சிகளாகத் தெரியும் கிளெப்சியெல்லா என்ற இன்னொரு நிமோனியாக் கிருமியும் தடித்த உறைக்காரனே.

காசநோய்க் கிருமிக்கு இந்தக் கணக்கு செல்லாது. அது வெள்ளணுவிடமிருந்து ஒளிவதில்லை. மேக்ரோஃபேஜ் தன்னை விழுங்கட்டும் என்று விட்டு, விழுங்கிய பையுடன் செரிமான நொதிப் பை இணைவதைத் தடுத்து, உள்ளேயே பெருகுகிறது. அதனால் காசநோய்க்கு அனுப்பிய சளியை நியூட்ரோஃபில் குறைவு என்று தள்ளிவிடக் கூடாது. காசநோய்க் கிருமிக்கென உள்ள சீல்–நீல்சன் சாயத்தில் அமிலத்தால் கழுவியும் சிவப்பு மாறாத குச்சிகளை 100 புலங்களாவது பாருங்கள். ஒரு மில்லிலிட்டரில் சுமார் 10,000 கிருமிகள் இருந்தால்தான் கண்ணில் படும். ஆகவே ஸ்லைடில் காணாததால் நோய் இல்லை என்றாகாது. கிருமியின் மரபணுவைத் தேடும் மூலக்கூறுச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். படிவத்தில் தொழிலையும் படியுங்கள். மேலூர்ப் பக்கம் கிரானைட் குவாரியில் வேலை செய்தவர் என்றால் கூடுதல் கவனம் தேவை: கல்தூளின் சிலிக்கா மேக்ரோஃபேஜ்களையே கொன்று காசநோய்க்கு வழி திறக்கிறது. இந்த ஒரு வரியைப் படிவத்தில் காலியாக விட்டு அனுப்புபவர்கள் மீது எனக்கு நெடுநாள் வருத்தம் உண்டு.

நியூட்ரோஃபில்கள் குவிந்திருந்தும் கிருமி எதுவும் தென்படாத ஸ்லைடுகளும் வரும். முன்பே ஆன்டிபயாட்டிக் எடுத்திருக்கலாம். மேக்ரோஃபேஜுக்குள் வாழ்ந்து, கிராம் சாயத்தை நன்கு ஏற்காத லெஜியோனெல்லா என்ற நிமோனியாக் கிருமியாகவும் இருக்கலாம். அறிக்கையில் "கிருமி இல்லை" என்று மட்டும் எழுதாமல், "நியூட்ரோஃபில்கள் மிகுதி, கிராம் சாயத்தில் கிருமி காணப்படவில்லை" என்று எழுதி, மருத்துவருக்குத் தொலைபேசியிலும் சொல்லிவிடுங்கள்.