மாங்காய்க் கூடையில் கூடைப்பந்து

கிருஷ்ணகிரி பக்கம் நான் பி.டி. வாத்தியாராக இருக்கும் பள்ளியில் கூடைப்பந்துக் கம்பம் கிடையாது. அதனால் மாங்காய்க் கூடையைத்தான் மாட்டினேன். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் மாட்டியதும் பழக்கூடைதானே!

மூங்கில் கூடையின் அடியை முதலிலேயே அறுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு கோலுக்கும் ஏணி வேண்டும். ஸ்பிரிங்ஃபீல்டிலும் அப்படித்தான் ஏறி எடுத்தார்கள். உயரம் 10 அடி. ஆறாம் வகுப்புக்கு 8 போதும். கயிறு வேண்டாம், கட்டுக்கம்பி போடுங்கள். நான் கயிற்றில் கட்டியது மூன்றாம் நாளே தொங்கிப்போச்சு.

முதல் வாரம் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவே விடாதீர்கள். பிடித்த இடத்திலிருந்தே வீச வேண்டும்; நெய்ஸ்மித்தின் பழைய விதி அது. பாஸ் தானாக வந்துவிடும்.

பெரிய தலைவலி கபடிப் பையன்கள். பந்தை விட்டுட்டு ஆளைப் பிடிப்பார்கள். திட்டாதீர்கள். 1892 மார்ச்சில் ஸ்பிரிங்ஃபீல்டில் ஆசிரியர்களும் மாணவர்களும் மோதிய ஆட்டத்தில், ஆசிரியர் அணியில் ஆடிய அமோஸ் அலோன்சோ ஸ்டாக்கும் அமெரிக்கக் கால்பந்துப் பழக்கத்தில் தள்ளித் தள்ளி ஃபவுல் வாங்கியவர்தான். ஆசிரியர்கள் 1-5 என்று தோற்றார்கள். அந்த ஒன்றும் அவர் போட்டது. பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1932 வரை அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர். ஆளைப் பிடிப்பதற்கும் பழைய விதியே மருந்து: ஒரு அணி தொடர்ந்து மூன்று ஃபவுல் செய்தால் எதிரணிக்கு ஒரு கோல். கூட்டாளிகளே "டேய், கையை எடுடா" என்று கத்துவார்கள்.

ஆரம்பத்தில் அணிக்கு 9 பேர், வகுப்பே ஆடலாம். பழகியதும் ஐந்தாகக் குறையுங்கள். 1896 ஜனவரியில் அயோவா அணியுடன் ஸ்டாக்கின் சிகாகோ அணி ஆடியது ஐந்து பேரோடுதான்.